இருட்டறையில் பதிமூன்றாம் வாய்ப்பாடு

போன மாதம் நஸ்ரின் போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்டுடியோவில் இப்போது கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனித்துக்கொள்பவர் அவர். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மறுபடியும் ஃபிலிம் கேமரா வாங்கிக் கருப்பு வெள்ளைப் படம் எடுக்கிறார்களாம். அதனால் கடையின் பின்பக்க இருட்டறையைத் தூசி தட்டித் திறந்திருக்கிறார்கள்.

“அண்ணே, ஒரு ரோல் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?”

“வெயில் காலமாச்சே. பதினொண்ணாம் வாய்ப்பாடு முடியிற வரைக்கும்மா” என்றேன்.

“அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொன்ன நேரமும் சரிதான். ஆனால் போனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் அரியமங்கலத்துக்காரன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அப்பா வேலை பார்த்த பட்டறையில் நானும் சில வருடம் இருந்தேன். அங்கே இரும்புச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். எனக்குக் கத்த வராது. யாராவது பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பேன். அப்போதுதான் பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். “இருட்டு ரூமுக்குள்ளயே வேலை. ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்க வேண்டாம்” என்றார். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

வாயைத் திறக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய பொய் என்று முதல் நாளே தெரிந்தது.

கடை முதலாளி நரசிம்மன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். படம் எடுப்பது அவர் வேலை. கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் அமலோற்பவம் அக்காவின் வேலை. எல்லோருக்கும் அவர் அமலி அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. ஊரிலுள்ள ஸ்டுடியோக்களில் இருட்டறையைத் தனியாக நடத்திய பெண் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

என்னை அவருக்குக் கீழே வேலைக்கு எடுத்த பிறகுதான் முதலாளிக்கு ஒரு கவலை வந்தது. இருட்டறைக்கு ஒரே கதவு. உள்ளே தாழ்ப்பாள். கதவுக்குப் பின்னால் இரட்டைக் கருப்புத் திரை. அதற்குள் ஒரு பெண்ணும் ஒரு வாலிபனும் கால் மணி நேரம் இருட்டில் இருந்தால், வெளியே குடும்பத்தோடு காத்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

“இதுக்கு ஏன் சார் மண்டையைக் குடைஞ்சுக்கிறீங்க?” என்றார் அமலி அக்கா. “நான் எப்பவும் சத்தமா ஜெபம் சொல்லித்தான் கழுவுறேன். தம்பியும் வாய் ஓயாம ஏதாவது சொல்லிக்கிட்டு இருக்கட்டும். ஹால்ல இருக்கிறவங்க காதாலயே காவல் காக்கட்டும். எந்தக் குரலாவது நின்னா வந்து கதவைத் தட்டுங்க.”

இப்படித்தான் எங்கள் கடைக்கு அந்த வழக்கம் வந்தது.

ஜெபம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருட்டறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் முள்ளில் பூசியிருந்த ஒளிர்கிற பூச்சு என்றோ மங்கிப்போனது. அமலி அக்கா அதை நம்பாமல் ஜெபமாலையை நம்பினார். ஒரு ஜெபத்துக்குக் கால் நிமிடம். இருபத்துநான்கு ஜெபம் சொன்னால் ஆறு நிமிடம். ஃபிலிம் டெவலப்பர் மருந்தில் இருக்க வேண்டிய நேரம் அது. ஒரு நாளும் பிசகியதில்லை.

நானும் அதையே கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“நான் நேரமும் பார்க்கிறேன், வேண்டவும் செய்றேன். நீ நேரம் பார்க்க மட்டும் மாதாவைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? உனக்கு என்ன மனப்பாடமா வரும், சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். “வாய்ப்பாடுதான்க்கா. வேற ஒண்ணும் வராது.”

“போதுமே! அதை வச்சே ஊரைக் கழுவிடலாம்” என்றார்.

கழுவும் முறை இதுதான். விளக்கை அணைத்துவிட்டு, ஃபிலிமை அதோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்திலிருந்து பிரிக்க வேண்டும். காகிதத்தின் நுனியில் ஒட்டியிருக்கும் டேப்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து மெதுவாக உரிக்க வேண்டும். பிறகு இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்தால் ஃபிலிம் தூளிபோலத் தொங்கும். முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, மருந்துத் தட்டில் வலது கை ஏறும்போது இடது கை இறங்கும்படி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அங்கே திட்டு விழும். விரல் நடுவில் பட்டால் ரேகை விழும். நேரம் முடிந்ததும் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் ஹைப்போ தட்டு. ஹைப்போவில் படம் நிலைத்த பிறகுதான் விளக்கு. அதுவரை கண்ணுக்கு வேலையே கிடையாது.

கஷ்டமாக இருந்தது கை வேலை இல்லை, வாய்தான். வாய்ப்பாடு ஒவ்வொன்றையும் சரியாக அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சொன்னால் அதே ஆறு நிமிடம். இரண்டாம் வாய்ப்பாடு வழுக்கிக்கொண்டு ஓடும், பன்னிரண்டாவது இழுக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர, அமலி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என்னைப் பகல் வெளிச்சத்தில் பழக்கினார். வெறும் தண்ணீரில் ஒரு வீணாய்ப்போன ஃபிலிமை ஆட்டிக்கொண்டு, “ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு” என்று நான் சொல்வதைக் கேட்டுப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுடும். ஆனால் விளக்கை அணைத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். இருட்டில் என் குரல் எனக்கே புதிதாக, கனமாகக் கேட்டது. ஒரு மாதத்தில் எதிர்க் கடை டீக்காரருக்குக்கூடப் பழகிவிட்டது. “ஒம்பதாவது வந்துட்டான். ஸ்டுடியோவுக்கு டீ ஆத்து” என்பார்.

அமலி அக்கா திட்டி நான் கேட்டதில்லை. இருட்டில் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே, ஜெபத்தின் நடுவில், “வலது கை ஒசந்திருக்கு தம்பி, இறக்கு” என்பார். மறுநாள் நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, “நேத்து இதைக் கழுவும்போது ஹால்ல யாரோ பெரிய மனுஷன் உட்கார்ந்திருந்தாரு, சரிதானே? பயந்து வேகமாச் சொல்லியிருக்கே. படம் வெளுத்திருக்கு பாரு” என்பார். சரியாகத்தான் இருக்கும். என் பயத்தை ஃபிலிமில் படிக்கத் தெரிந்தவர் அவர்.

வெயில் காலத்தில் மருந்து சூடாகி வேகமாக வேலை செய்யும். தட்டைச் சுற்றி ஐஸ் போட்டாலும் பதினோராம் வாய்ப்பாட்டோடு எடுத்துவிட வேண்டும். மார்கழி, மாசியில் பதிமூன்றாம் வாய்ப்பாடு முடிய வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். பள்ளிக்கூடத்தில் நான் பன்னிரண்டு வரைதான் படித்தேன். பதிமூன்றை ஒரு நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையைப் பார்த்து நானே நெட்டுருப் போட்டேன். அந்த அட்டையில் ஒரு வரி மை பரவிக் கிடந்தது. “ஆறு பதிமூணு எழுபத்தெட்டு, ஏழு பதிமூணு எண்பத்தொண்ணு” என்று படித்துக்கொண்டேன். எழுபத்தெட்டிலிருந்து மூன்றே மூன்று கூடியிருக்கிறதே என்று நான் யோசிக்கவில்லை. நான்கு வருடம் எண்பத்தொன்று என்றே சொன்னேன். ஃபிலிமும் ஒன்றும் சொல்லவில்லை. எண்பத்தொன்று என்றாலும் தொண்ணூற்றொன்று என்றாலும் சொல்ல ஒரே நேரம்தானே.

அது தப்பென்று சொன்னவர் சேஷாத்ரி சார்.

அவர் ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் முதலாளியே அவரிடம் படித்தவர்தான். சாருக்கு எண்பது நிறைந்து, ஒரு மாசி மாதம் சதாபிஷேகம் நடந்தது. கீழச்சித்திரை வீதியில் அவர் வீட்டு வாசலில் குடும்பம் முழுவதையும் நான்கு வரிசையாக நிறுத்தி முதலாளி படம் எடுத்தார். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். அதில் மூத்த மகன் ரகுவும் இருந்தார். அவர் டெல்லியில் இருந்தவர். அப்பாவோடு வார்த்தை தடித்துப் போய்ப் பதினொரு வருடம் வீட்டுப் பக்கமே வராதவர். “அந்தாத்துல மூச்சு விட்டாக்கூட சார் திருத்துவார்ப்பா. ரகுவுக்குப் பொறுக்கல” என்று முதலாளி எங்களிடம் சொல்லியிருந்தார். அம்மா எழுதிய கடிதத்துக்காகத்தான் வந்திருந்தார். மறுநாள் மாலை ஆறரை மணி ரயிலில் கிளம்புகிறார். அதற்குள் அந்தப் படத்தை மகன் கையில் கொடுத்தாக வேண்டும் என்பது சாரின் எண்ணம். வாய் திறந்து சொல்லி மகனை நிறுத்த சாரால் முடியவில்லை, படத்தையாவது கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் காலை பத்து மணிக்கே டவுன் பஸ் பிடித்துக் கடைக்கு வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். அன்று அமலி அக்கா இல்லை. தங்கை வீட்டு விசேஷத்துக்கு மணப்பாறை போயிருந்தார், மதியம்தான் வருவார். ஆகவே நான் மட்டும் உள்ளே போனேன். தனியாக இருந்தாலும் சத்தமாகத்தான் சொல்வேன். மனதுக்குள் சொன்னால் வேகம் மாறிவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பன்னிரண்டு முடித்துப் பதிமூன்றுக்கு வந்தேன். இன்னும் அரை நிமிடம்தான்.

“ஆறு பதிமூணு எழுபத்தெட்டு, ஏழு பதிமூணு எண்பத்தொண்ணு...”

“தப்பு!”

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு! மொதல்லேருந்து சொல்லு.”

வாத்தியார் குரலுக்கு ஐந்து வருடம் கட்டுப்பட்ட உடம்பு இது. நான் யோசிக்கவே இல்லை. கை ஃபிலிமை ஆட்டிக்கொண்டிருக்க, வாய் தானாக, “ஒரு பதிமூணு பதிமூணு” என்று மறுபடி தொடங்கிவிட்டது. ஏழாவது வரிக்கு வந்ததும் நான்கு வருடப் பழக்கம் விடவில்லை.

“ஏழு பதிமூணு எண்பத்தொண்ணு...”

“மறுபடியும் தப்பு! கவனம் எங்கேடா இருக்கு?”

“சார், அவன் உள்ள வேலையா இருக்கான்” என்று முதலாளி கெஞ்சுவது கேட்டது.

“தப்பாச் சொல்லிண்டு என்ன வேலை? டேய், பன்னெண்டாம் வாய்ப்பாட்டுலேருந்து நிறுத்தி நிதானமாச் சொல்லு, பார்ப்போம்.”

“ஒரு பன்னெண்டு பன்னெண்டு” என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. என் கையில் இருப்பது நாற்பத்திரண்டு முகம். இந்நேரம் எடுத்திருக்க வேண்டியது, மருந்துக்குள் கறுத்துக்கொண்டே போகிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் தெரியவில்லை. வெளியே, “ம், மேல” என்றார் சார்.

“சார், வாயை மூடுங்க!”

நான்தான் கத்தினேன். பட்டறையில் அத்தனை வருடம் வராத கத்தல். கதவு அதிர்ந்திருக்கும். ஃபிலிமைத் தண்ணீரில் முக்கி ஹைப்போவில் போட்டேன். படம் நிலைக்க வேண்டிய பத்து நிமிடமும் ஹைப்போவை ஆட்டியபடி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றேன். குரல் நின்றால் கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான் கடை வழக்கம். அன்று யாரும் தட்டவில்லை.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளையாக இருந்ததெல்லாம் நெகட்டிவில் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் இது அடுப்புக்கரி. வெயிலில் உட்கார்ந்திருந்த சாரின் வேட்டியும் முகமும் ஒரே கறுப்பாக இருந்தன.

வெளியே வந்தபோது சார் இல்லை. முதலாளி மட்டும் நின்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் படம் வந்து சேரட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டார். வேற ஒரு வார்த்தை பேசல. பேசாம போறாரேப்பா, அதான் பயமா இருக்கு” என்றார். பிறகு நெகட்டிவைப் பார்த்தார். “இதுல படம் வரலேன்னா, நீ அரியமங்கலத்துக்கே போயிடு தம்பி. நானும் உன் பின்னாடியே வந்துடறேன். ஸ்ரீரங்கத்துல என்னால தலைகாட்ட முடியாது.”

அமலி அக்கா ஒரு மணிக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். நெகட்டிவை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“யாரு, உன்னை ரெண்டு தடவை பதிமூணு சொல்ல வச்சது?”

நடந்ததைச் சொன்னேன். வாயை மூடச் சொன்ன இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிடுவேன் போலிருக்கவே நிறுத்திக்கொண்டார்.

“கறுத்திருக்கு, அவ்வளவுதானே. வெளுத்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. கறுத்ததுல எல்லாம் உள்ள இருக்கும். பொறுமையா வெளிய கூப்பிடணும், வா.”

சிவப்பு விளக்கில் பிரிண்ட் வேலை தொடங்கியது. பிரிண்ட் தாளில் வெளிச்சம் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு கறுக்கும். வழக்கமாக, நெகட்டிவ் வழியாகத் தாளில் விழும் என்லார்ஜர் வெளிச்சத்தை அரை வாய்ப்பாடு விட்டால் போதும். சின்னச் சின்னத் துண்டுத் தாளில் சோதித்துப் பார்த்து, இதற்கு இரண்டரை வாய்ப்பாடு வேண்டும் என்று கண்டுபிடித்தோம். ஆனால் அப்படி விட்டால் கடைசி வரிசையில் தூண் நிழலில் நின்ற ரகு சார் இருண்டு போனார். அவரைக் காப்பாற்றக் குறைத்தால், முன்வரிசை வெயிலில் இருந்த சேஷாத்ரி சார் முகமே இல்லாமல் வெறும் வெள்ளைத் தாளாக நின்றார்.

“அப்பனும் மகனும் படத்துலகூட ஒத்துப்போக மாட்டேங்கிறாங்களே” என்றார் அக்கா.

ஒரு கம்பி நுனியில் சுண்டைக்காய் அளவு அட்டையை ஒட்டினார். முதல் வாய்ப்பாடு முடிந்ததும் அந்த அட்டை நிழலை ரகு சார் முகத்தின்மேல் விழும்படி பிடித்து, நிற்காமல் லேசாக அசைத்துக்கொண்டே இருந்தார். நான் வாய்ப்பாடு சொன்னேன். பிறகு பெரிய அட்டையில் ஒரு ஓட்டை போட்டு மற்ற எல்லோரையும் மறைத்து, அந்த ஓட்டை வழியாகச் சாருக்கு மட்டும் இன்னும் ஒன்றரை வாய்ப்பாடு வெளிச்சம் கொடுத்தார். நாலு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளை மருந்தில் போட்டு ஆட்டியபோது முதலில் தூண் வந்தது, பிறகு நிழலில் ரகு சார், பிறகு புடவைக் கரைகள், குழந்தைகள். கடைசியாக, மெதுவாக, சாரின் திருமண் வந்தது. அதற்குக் கீழே இரண்டு கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“நீயே கொண்டுபோய்க் குடு” என்றார் அக்கா.

“நானாக்கா?”

“நான் வாயை மூடச் சொல்லலையே.”

மின்விசிறியில் காயவைத்த படம் ஓரத்தில் சுருண்டிருந்தது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. ரகு சார் ஏறி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். பிளாட்பாரத்தில் சேஷாத்ரி சாரும் அவர் வீட்டு மாமியும் நின்றார்கள். நான் படத்தை நீட்டினேன், தரையைப் பார்த்தபடி.

சார் வாங்கிக்கொண்டு விரலால் எண்ணத் தொடங்கினார். வரிசை வரிசையாக, ஒரு முகம் விடாமல். கடைசி வரிசையில் தூணருகே வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது.

“நாப்பத்திரண்டு. சரியா இருக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏழு பதிமூணு?” என்றார்.

“தொண்ணூத்தொண்ணுங்க சார்.”

மாமி என் பக்கம் திரும்பினார். “நீதானா அது? ஆத்துக்கு வந்ததுலேருந்து பேச்சே இல்ல. என்னன்னு கேட்டா, ஸ்டுடியோக்காரப் பையன் வாயை மூடச் சொன்னான்னார். அறுபது வருஷமா நான் மனசுக்குள்ள சொல்லிண்டிருந்தது. எப்படிடாப்பா சொன்னே?”

ஜன்னலுக்குள்ளிருந்து ரகு சார் சிரித்துவிட்டார். அப்பாவிடமிருந்து படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வண்டி ஊதியது.

“அப்பா, வைகுண்ட ஏகாதசிக்கு வரேன். இன்னும் எட்டு மாசம்தானே.”

மாசியிலிருந்து மார்கழி பத்து மாதம். எனக்கே அது தெரிந்தது. சாரின் உதடு திறந்தது. ஒரு விரல்கூட மேலே எழுந்தது. அப்போது அவர் கண் என்மேல் பட்டது. விரலை இறக்கிக்கொண்டார்.

“வாப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ரயில் நகர்ந்து, கடைசிப் பெட்டியும் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், யாருக்கும் கேட்காமல், “பத்து மாசம்” என்று சொல்லிக்கொண்டார்.